‘மைசூர்’ என்று மட்டும் எழுதிய தாள்கள்: அருகிய தாவரங்களின் பரவலைக் கணித்த இரு நூற்றாண்டுகள்

லண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திலும் ஐரோப்பாவின் பிற உலர்தாவரகங்களிலும் தென்னிந்தியச் செடிகள் ஒட்டப்பட்ட பழைய தாள்கள் ஏராளமாக உள்ளன. அவற்றுள் ஒரு வகைத் தாளின் மூலையில் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்று காணப்படும். ஹூக்கர், தாம்சன் ஆகிய இருவரின் இந்தியத் தாவரத் தொகுப்பு என்பது அதன் தலைப்பு. இடம் என்ற குறிப்புக்கு எதிரே ‘மைசோர், கர்நாட்டிக்’ என்றும் சேகரித்தவர் ஜி. தாம்சன் என்றும் இருக்கும். பல தாள்களில் ஊர், உயரம், நாள் எதுவும் இராது. கர்நாட்டிக் என்றது இன்றைய கர்நாடகத்தை அன்று. கிழக்கே தமிழ்நாட்டுச் சமவெளியை. ஆக, அந்தச் செடி குடகின் எல்லையிலிருந்து கோரமண்டலக் கரை வரை எங்கேனும் பறிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்குமேல் அச்சீட்டு ஒன்றும் சொல்வதில்லை.

இந்தக் குறை பழைய தாள்களைப் பேணுவோரின் கவலையாக மட்டுமே நெடுங்காலம் இருந்தது. இன்று அது கணினியின் கவலையும் ஆகிவிட்டது. அருகிய தாவரம் ஒன்று எங்கெல்லாம் வாழக்கூடும் என்று கணிக்கும் பரவல் மாதிரிகள் அனைத்தும் ‘இந்த இடத்தில் இந்தச் செடி இருந்தது’ என்ற சான்றிலிருந்தே தொடங்குகின்றன. இடம் என்பது அங்கே அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்த ஒரு புள்ளி. ‘மைசூர்’ என்ற சொல்லைப் புள்ளியாக மாற்றும்படி ஊர்ப்பெயர் அகராதி ஒன்றிடம் ஒப்படைத்தால், அது பெரும்பாலும் சாமுண்டி மலையடிவார நகரத்தின் நடுவில் புள்ளியை வைத்துவிடும். அந்நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெய்கிறது. பழைய மைசூர் அரசின் மேற்கெல்லையிலிருந்த ஆகும்பேயிலோ 7,000 மி.மீ.க்கும் மேல். ஈரம் சொட்டும் பசுமைமாறாக் காட்டில் பறித்த மரக்கிளை, குறிப்புச்சீட்டின் ஒற்றைச் சொல்லால் முட்புதர்க் காட்டின் குடியாகிவிடுகிறது. அதன்பின் மாதிரி எத்துணை நுட்பமாகக் கணக்கிட்டாலும், அந்த மரம் வறண்ட நிலத்திலும் வாழும் என்ற பொய்யையே நுட்பமாகச் சொல்லும்.

‘மைசூர்’ என்ற சொல் ஒருபோதும் ஒரே நிலத்தைக் குறித்ததில்லை. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழும் வரை அது கன்னடக் கடற்கரையையும் கோயம்புத்தூர் நாட்டையும் உள்ளடக்கிய திப்புவின் அரசு. அதன்பின் உடையார்களிடம் மீண்ட சிறிய அரசு. 1956இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பால் குடகையும் வடகன்னடத்தையும் சேர்த்துக்கொண்ட பெரிய மாநிலம். 1973 நவம்பர் 1 அன்று அம்மாநிலம் கர்நாடகமாயிற்று. பெயர் மாவட்டத்துக்கும் நகரத்துக்கும் மட்டும் எஞ்சியது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது பிலிகிரி ரங்கன் மலை மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2014இல் நகரின் பெயர் மைசூரு ஆயிற்று. தாளில் உள்ள சொல் எந்த ஆண்டினது என்று அறியாமல் அது எந்த நிலத்தினது என்று அறிய முடியாது. ஆகவே அருகிய தாவரங்களின் பரவலைக் கணிக்கும் பணி, கணிதத்துக்கு முன்பே வரலாற்றுப் பணியாகிவிடுகிறது.

அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் பிரான்சிஸ் புக்கானன். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் புதிதாகக் கைவந்த நாட்டின் வேளாண்மை, தொழில், இயற்கை வளம் ஆகியவற்றை ஆராயும்படி தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி அவரைப் பணித்தார். மருத்துவரும் தாவரவியலாருமான அவர் 1800 ஏப்ரல் 23 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர், கன்னடம், மலபார் நாடுகளைச் சுற்றி வந்தார். அப்பயணத்தின் பதிவு 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அந்நூல் நாட்குறிப்பாக எழுதப்பட்டது. எந்த நாளில் எந்த ஊரில் தங்கினார், அங்கே என்ன பயிர் நின்றது, காட்டில் எந்த மரங்கள் இருந்தன, அவற்றை ஊரார் எப்பெயரால் அழைத்தனர் என்று வரிசையாக வருகிறது. அவர் நோக்கம் அரசின் வருவாய்க்குரியது. தாவரப் பரவல் அன்று. எனினும் நாளும் ஊரும் இணைந்திருப்பதால் அவருடைய குறிப்புகளை இன்றும் நிலப்படத்தில் ஏற்ற முடிகிறது.

அதே காலத்தில் காலின் மெக்கன்சியின் தலைமையில் மைசூர் அளவைப் பணி நடந்தது. அதனோடு மருத்துவராகவும் தாவரவியலாராகவும் சென்றவர் பெஞ்சமின் ஹெய்ன். 1802இல் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே முக்கோண அளவையின் அடிக்கோட்டை அளந்தார். நிலத்தைப் புள்ளிகளாக அறியும் கலையும் தாவரங்களைப் பெயர்களாக அறியும் கலையும் இவ்வாறு ஒரே பத்தாண்டில், ஒரே நாட்டில் அருகருகே வளர்ந்தன. ஆனால் ஒன்றன் துல்லியம் மற்றதற்குச் சென்று சேரவில்லை. அளவையாளர் மலையுச்சியின் நிலையைத் துல்லியமாகக் கணக்கிட்டார். அதே மலையில் செடி பறித்தவர் ‘மைசூர்’ என்று எழுதி நிறுத்திக்கொண்டார்.

அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் அன்று. அக்கால அறிவியலின் கேள்வியே வேறு. ஹூக்கரும் தாமஸ் தாம்சனும் 1855இல் வெளியிட்ட ‘ஃப்ளோரா இண்டிகா’ நூலின் நீண்ட முன்னுரை இந்தியாவைத் தாவரவியல் நாடுகளாகப் பகுத்தது. மலபார், கொங்கணம், கர்நாட்டிக் போன்றவற்றோடு மைசோரும் அதில் ஒரு நாடு. எந்த இனம் எந்த நாட்டில் உண்டு, உலகின் வேறு எப்பகுதியோடு அதற்கு உறவு என்பதே அவர்கள் தேடிய விடை. அந்த அளவுக்கு ‘மைசோர்’ போதுமானதாக இருந்தது. 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வந்த ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூலிலும் பரவற்குறிப்புகள் பெரும்பாலும் இவ்வகையினவே. நிலத்தைத் திணையாகப் பகுத்துக் கருப்பொருளை அதனுள் வைத்துப் பார்த்த தமிழ் மரபுக்கு இந்தப் பார்வை அயலானதன்று. ஆனால் திணை என்பது ஒரு நிலத்தின் இயல்பைச் சொல்வது. ஒரு செடி நின்ற இடத்தைச் சொல்வதன்று.

அடுத்து வந்த நூல்களில் ஆட்சி எல்லைகள் தலையிட்டன. வடகன்னடம் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே அதன் செடிகள் தியோடர் குக்கின் பம்பாய் மாகாணத் தாவர நூலில் இடம்பெற்றன. தென்கன்னடம் சென்னை மாகாணம். அதன் செடிகள் கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலில். இடையே மைசூரும் குடகும். மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வெல்லைகளை அறியாது. ஒரே ஓடைக்கரையில் வளரும் ஒரே இனம் இரு நூல்களில் இரு வேறு அரிய செடிகளைப் போலத் தோற்றமளித்தது. அரிது என்ற தீர்ப்பில் இயற்கையின் பங்கு எவ்வளவு, எல்லைக்கோட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாத நிலை அது.

அரிதாதல் என்பதையே எண்ணால் ஆராய முயன்ற முதல் முயற்சிகளுள் ஒன்று இலங்கையில் பிறந்தது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் இயக்குநராயிருந்த டிரைமன், தம் இலங்கைத் தாவர நூலில் ஒவ்வோர் இனத்துக்கும் ‘மிகப் பொது’ முதல் ‘மிக அரிது’ வரை தரங்கள் குறித்திருந்தார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஜே. சி. வில்லிஸ் அத்தரங்களை எண்களாக்கினார். இலங்கைக்கே உரிய ஓரிடவாழ் இனங்கள் பெரும்பாலும் அரிய தரங்களிலும், வெளிநாடுகளிலும் பரவிய இனங்கள் பொதுவான தரங்களிலும் குவிந்தன. இதிலிருந்து, ஓர் இனத்தின் பரப்பு அதன் வயதைப் பொறுத்தது, ஓரிடவாழ் இனங்கள் பரவக் காலம் போதாத இளைய இனங்கள் என்ற கொள்கையை 1922இல் ‘வயதும் பரப்பும்’ என்ற நூலாக வெளியிட்டார். அது கடுமையாக மறுக்கப்பட்டது. பழைய இனங்கள் சுருங்கிச் சுருங்கி ஒரு மூலையில் எஞ்சுவதும் உண்டு. வாழிடத்தின் தேவை பரப்பை வரையறுப்பதும் உண்டு. கொள்கை வீழ்ந்தாலும் கேள்வி நின்றது: ஒரு செடி ஏன் இங்கே மட்டும்?

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல் நிறுவப்பட்டது. அங்கே தாவரவியல் பேராசிரியராக விளங்கிய பி. ஏ. ராஸி, 1955இல் மைசூர் மலையுச்சிகளின் தாவரப் புவியியல் குறித்த ஆய்வைப் பல்கலைக்கழக இதழில் வெளியிட்டார். பீடபூமியைப் பொதுவாக ‘மைசூர்’ என்று பேசிவந்த இடத்தில், மலையுச்சிகளைத் தனியே பிரித்து நோக்கியதே ஒரு திருப்பம். 1981இல் ஆர். ஆர். ராவுடன் இணைந்து அவர் எழுதிய மைசூர் மாவட்டத் தாவர நூல் வெளியாயிற்று. அதற்குச் சற்று முன், 1976இல், பெங்களூரு புனித ஜோசப் கல்லூரியின் சல்தானாவும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நிக்கல்சனும் ஹாசன் மாவட்டத் தாவர நூலைப் பதிப்பித்தனர். சல்தானாவின் கர்நாடகத் தாவர நூலின் முதல் தொகுதி 1984இல் வந்தது. மாகாணத்திலிருந்து மாவட்டத்துக்கு இறங்கிய இத்தலைமுறையின் கள உழைப்பில்தான் புள்ளியாக மாற்றத்தக்க இடக்குறிப்புகள் பெருமளவில் சேர்ந்தன. அப்போதும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது: 1981ஆம் ஆண்டு நூலின் மைசூர் மாவட்டம் பிலிகிரி ரங்கன் மலையையும் உள்ளடக்கியது. அந்நூலை இன்றைய மாவட்ட எல்லையோடு பொருத்தினால் ஈரமான மலைக்காட்டின் இனங்கள் பல மைசூருவின் சமவெளிக்கு வந்துவிடும்.

பரவலைத் தட்பவெப்பத்தோடு இணைத்துப் படமாக்கிய பெரும்பணி புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினுடையது. 1955இல் தொடங்கிய அந்நிறுவனம், தென்னிந்தியக் காடுகளை 1:2,50,000 அளவில் வரைந்த படவரிசையில் மடிகேரி–மைசூர்த் தாள் 1982இல் வெளிவந்தது. ஜே. பி. பாஸ்கல் அதே ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தட்பவெப்பப் படங்களையும் வெளியிட்டார். காடுகளின் வகை மாறுவதில் ஆண்டு மழையளவைவிட வறட்சி மாதங்களின் எண்ணிக்கை முதன்மையானது என்பது அப்பணியின் மையக் கருத்து. தெற்கே இரண்டு மூன்று மாதமாக உள்ள வறட்சிக்காலம் வடக்கே செல்லச் செல்ல நீள்கிறது. மேலே செல்லச் செல்ல வெப்பம் குறைகிறது. இவ்விரு சரிவுகளும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் ஓரிடவாழ் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏறத்தாழ 650 மர இனங்களுள் 352 அம்மலைக்கே உரியவை என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றின் பரவலை பி. ஆர். ரமேஷும் பாஸ்கலும் 1997இல் ஒரு நிலப்பட நூலாகத் தொகுத்தனர். தட்பவெப்பம் காரணம், பரவல் விளைவு என்ற சிந்தனை, மென்பொருள் வருவதற்கு முன்பே களத்தில் முதிர்ந்திருந்தது.

கணினி மாதிரிகளின் வேர் வேறோரிடத்தில் உள்ளது. 1957இல் ஹட்சின்சன், ஓர் இனத்தின் வாழ்நிலையைப் பல சூழற்காரணிகளால் ஆன ஒரு வெளியாக வரையறுத்தார். 1980களில் ஆஸ்திரேலியாவில் ஹென்றி நிக்ஸும் உடனுழைத்தோரும் உருவாக்கிய பயோகிளிம், ஓர் இனம் கண்டறியப்பட்ட இடங்களின் வெப்பம், மழை ஆகியவற்றின் எல்லைகளைக் கணித்து, அவ்வெல்லைக்குள் அடங்கும் பிற இடங்களைக் காட்டியது. பின்னர் கார்ப் வந்தது. 2005இல் உலகம் முழுவதையும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பகுத்த வேர்ல்ட்கிளிம் தரவு வெளியாயிற்று. 2006இல் பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷாபிரே ஆகியோர் மேக்ஸென்ட் முறையைச் சூழலியலாரிடம் கொண்டு சேர்த்தனர். கிடைத்த புள்ளிகளின் சூழல் இயல்புகளுக்கு முரண்படாத பரவல்களுள், மிகக் குறைந்த முன்முடிவு கொண்டதைத் தேர்வதே அதன் அடிப்படை. இல்லாத இடங்களின் சான்று அதற்குத் தேவையில்லை. பழைய தாள்கள் ‘இருந்தது’ என்று மட்டுமே சொல்லும், ‘இல்லை’ என்று சொல்லா. ஆதலால் உலர்தாவரகங்களுக்கு அம்முறை உகந்ததாயிற்று.

இந்தியாவின் அருகிய தாவரங்கள் விரைவிலேயே இம்முறைகளுக்குள் வந்தன. அகத்தியமலைப் பகுதியின் ஓரிடவாழ் மரமான அக்லேயா போர்டில்லோனியின் பரவல் 2007இல் மாதிரியாக்கப்பட்டது. நீலகிரி, பழனி மலைகளின் சோலைப் புல்வெளிகளில் சிவந்து பூக்கும் காட்டுப்பூவரசின் பரவல் 2008இல் ஆராயப்பட்டது. 2012இல் மேகாலயத்தின் ஐலெக்ஸ் காசியானா என்ற மிக அருகிய மரத்தை மீண்டும் நட ஏற்ற இடங்களைத் தேர மாதிரி பயன்பட்டது. சுவிட்சர்லாந்தில் எரிஞ்சியம் அல்பினம் என்ற ஆல்ப்ஸ் செடிக்கு, மாதிரி காட்டிய இடங்களில் தேடி முன்பு அறியாத தொகுதிகளைக் கண்டறிந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. மாதிரியின் உண்மையான பயன் அங்கே வெளிப்படுகிறது: அது விடை அன்று, எங்கே நடந்து தேடவேண்டும் என்பதற்கான வழிகாட்டி.

ஆனால் அருகிய தாவரங்களே மாதிரிக்கு மிகக் கடினமானவை. எந்த இனத்துக்குக் கணிப்பு மிகவும் தேவையோ, அந்த இனத்துக்கே புள்ளிகள் மிகக் குறைவு. நூறு புள்ளிகளுள் ஒன்று பிழைத்தால் மாதிரி தாங்கும். ஐந்தில் ஒன்று பிழைத்தால் தாங்காது. மடகாஸ்கரின் இலைவால் பல்லிகளைக் கொண்டு பியர்சனும் பிறரும் 2007இல் ஒரு சோதனைமுறையை முன்வைத்தனர். ஒவ்வொரு புள்ளியாக விலக்கி, எஞ்சியவற்றால் மாதிரி அமைத்து, விலக்கிய புள்ளியை அது முன்னறிகிறதா என்று பார்ப்பதே அம்முறை. ஐந்தே புள்ளிகளோடும் ஏதேனும் கற்க முடியும் என்று அது காட்டியது. எனினும் அந்த ஐந்தும் மெய்யான இடங்களாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எந்தச் சோதனையாலும் நீக்க முடியாது. ‘மைசோர், கர்நாட்டிக்’ இங்கே மீண்டும் குறுக்கே வருகிறது.

சரியான இடம் தெரிந்திருந்தும் மாதிரி தோற்கும் இடம் உண்டு. 1919இல் செட்ஜ்விக், பெல் என்னும் இருவர் பழைய மைசூர், பம்பாய் எல்லையில் இருந்த ஜெர்சொப்பா அருவியருகே, அதாவது இன்றைய ஜோக் அருவியருகே, ஒரு மெல்லிய புல்லைச் சேகரித்தனர். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் என். எல். போர் அதைப் புதிய பேரினமாக அறிந்து, கியூவின் புல்லியல் அறிஞர் ஹப்பார்டின் பெயரால் ஹப்பார்டியா ஹெப்டாநியூரான் என்று பெயரிட்டார். இதற்கிடையே சராவதியின் நீர் மின்னுற்பத்திக்காகத் தேக்கப்பட்டது. அருவியின் சாரல் குறைந்தது. பின்னர்த் தேடியோருக்கு அங்கே புல் கிடைக்கவில்லை, அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் கோலாப்பூர்த் தாவரவியலார் மகாராட்டிரத்தின் தில்லாரி மலைச்சரிவில், நீர் கசியும் பாறையில் அதை உயிரோடு கண்டனர். ஒரே ஒரு புள்ளியிலிருந்து எந்த மாதிரியும் அமைத்திருக்க முடியாது. அமைத்திருந்தாலும், அந்தப் புல்லின் வாழ்வை முடிவுசெய்தது ஒரு கிலோமீட்டர்க் கட்டத்தின் சராசரி மழையன்று. சில அடி பாறையில் ஆண்டு முழுவதும் படியும் ஈரம். அணை கட்டியபின்னும் தட்பவெப்பப் படத்தில் ஜோக் மாறாமலே இருந்தது.

வடகன்னடத்தின் கதலேகான் சதுப்புக்காட்டிலிருந்து 2000இல் விவரிக்கப்பட்ட செமிகார்ப்பஸ் கதலேக்கனென்சிஸ் என்ற மரத்துக்கும் இதே நிலை. அது நிற்கும் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகள் சிற்றோடைகளின் ஓரமாக ஒடுங்கிக் கிடப்பவை. ஓடை திருப்பப்பட்டுப் பாக்குத் தோட்டத்துக்குச் சென்றால், மழை குறையாமலே சதுப்பு மறையும். மாதிரி ஒரு கட்டத்தை ‘ஏற்றது’ என்று காட்டும்போது, ‘தட்பவெப்பத்தால் ஏற்றது’ என்பதே அதன் பொருள். முன்னொட்டை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துச் செல்லும் திட்ட அறிக்கை, மரமே இல்லாத பெருநிலத்தில் மரம் பாதுகாப்பாக உள்ளதாகக் காட்டிவிடக்கூடும். பரப்பை மிகைப்படுத்திய படம் அழிவின் தரத்தைக் குறைத்துக் காட்டும். தரம் குறைந்தால் காப்பும் குறையும். குறிப்புச்சீட்டில் தொடங்கிய பிழை வனத்தின் விதியில் சென்று முடிவது இவ்வாறுதான்.

ஆகவே தாவரப் பரவலை ஆராயும் மாணவரின் முதல் கருவி மென்பொருள் அன்று. சேகரித்தவர் யார், அவர் எந்த ஆண்டில் எவ்வழியே நடந்தார், அந்த ஆண்டில் அந்தப் பெயர் எந்த நிலத்தைக் குறித்தது, கடிதமும் நாட்குறிப்பும் எங்கே கிடைக்கின்றன என்ற கேள்விகளே முதற்கருவி. புள்ளியோடு அதன் ஐயத்தின் ஆரத்தையும் பதிவது அடுத்தது: இந்த இடம், இத்தனை கிலோமீட்டர் பிழையோடு. அந்த ஆரம் ஒரு மாவட்டத்தை விழுங்குமானால், அத்தாளைக் கணக்கிலிருந்து விலக்கும் துணிவும் வேண்டும். மற்றொரு புறம், துல்லியம் எப்போதும் நன்மையே என்றும் சொல்வதற்கில்லை. பத்து மரங்களே எஞ்சிய இனத்தின் சரியான புள்ளியை உலகறிய வெளியிடுவது மருந்துச்செடி வணிகருக்கும் வழிகாட்டும். ஆய்வாளருக்குத் துல்லியம், பொதுவெளிக்கு மறைப்பு என்ற இரட்டைப் பொறுப்பு இன்று உலர்தாவரகங்களின் மீது விழுந்துள்ளது.

1800இல் புக்கானனுக்கு இருந்த கருவிகள் தாளும் மையும் குதிரையும் மட்டுமே. ஆயினும் நாளையும் ஊரையும் விடாமல் எழுதியதால் அவர் கண்ட காடு இன்றும் ஆய்வுக்குரிய சான்றாக நிற்கிறது. அவருக்குப் பின் வந்து, அவரைவிடப் பன்மடங்கு செடிகளைச் சேர்த்த பலரின் தாள்கள் ‘மைசூர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஊமையாய்க் கிடக்கின்றன. இன்று களத்துக்குச் செல்பவர் எழுதும் குறிப்பும் இன்னும் இரு நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒருவரால் படிக்கப்படும். அப்போது அந்தச் செடி மலையில் இல்லாமற்போயிருந்தால், அது எங்கே நின்றது என்பதற்கு அந்தச் சிறு சீட்டே சாட்சியாக எஞ்சும்.